படிக்காமல் இட்ட மூன்று

மதியக் கட்டின் பதினோராவது விடைத்தாளில் பியூலாவின் சிவப்புப் பேனா நின்றது. நின்று பார்க்கும்படி அந்தத் தாளில் எதுவும் இல்லை. பதினேழாம் கேள்வி, பத்து மதிப்பெண்: சில சமூக ஊடகத் தளங்கள் மற்றவற்றைவிடக் குறைவாக அடிமைப்படுத்துவது ஏன், ஆராய்க. விடையாக ஏழு காரணங்கள், ஓரத்தில் ஒன்று முதல் ஏழு வரை எண்கள், ஒவ்வொன்றின் கீழும் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. இதற்கு முந்தைய பத்துத் தாள்களிலும் இதே ஏழு, இதே வரிசை. ஒரே வழிகாட்டி நூலைத் தின்ற பத்துப் பேரின் ஒரே வாந்தி. ஏழு என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதுதான். புரட்டப்போன கணத்தில் எங்கிருந்தோ ஒரு வாக்கியம் வந்து அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது. நாற்பது தடவை பார்த்தால் சிரிப்பு போய்ப் பல் மட்டும் நிற்கும். யார் சொன்னது? பியூலா நிமிர்ந்து பார்த்தாள். அது ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கம். பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு முகாம் ஒரு வாரமாக அங்கே நடக்கிறது. இறகுப்பந்துக் கோடுகளின் மேல் மேசைகள், மேசைக்கு இரண்டு பேர், காற்றைவிடச் சத்தத்தைத் தாராளமாகத் தரும் மின்விசிறிகள். எல்லாருடைய போனும் அணைக்கப்பட்டுப் பைக்குள் இருந்தது. பைகள் மேடையோரம் வரிசையாக இருந்தன. காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு, கட்டுக்கு முப்பது தாள். மாணவரின் பெயரும் ஊரும் தெரியாது, மேலே ஒட்டிய டம்மி நம்பர் மட்டும்தான். மணி மூன்றாகப்போகிறது. பாளையங்கோட்டையில் இருபத்துநான்கு வருடமாக ஊடகவியல் சொல்லிக்கொடுப்பவள் அவள். அவள் கைக்குத் தாள் போனால் கமாவுக்குக்கூட விளக்கம் கேட்பாள் என்று மாணவிகள் நடுங்குவார்கள். அப்படிப்பட்டவளுக்குத் தன் தலைக்குள் கிடக்கும் ஒற்றை வாக்கியம் யாருடையது என்று சொல்லத் தெரியவில்லை.

போனில் பார்த்திருப்பாள். வேறெங்கே. காலையில் பஸ்ஸில் வரும்போது நாற்பது நிமிடம் குட்டி வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். இருபது நொடிக்கு ஒன்று என்று வைத்தால் நூற்றிருபது. அவற்றில் எதையாவது சொல் என்றால்? பலாச்சுளையை உரிக்கும் ஒரு கை. கண்ணாடி போட்ட ஒரு நாய். மாமியாரைப் போல் நடிக்கும் ஒரு பையன், அல்லது பையனைப் போல் நடிக்கும் மாமியார். ஒன்றுமே நினைவில் இல்லாதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன, ஊரும் பேரும் இல்லாமல், முகாமுக்கு வந்த தாள்களைப் போலவே. அந்த வாக்கியத்தையும் அப்படி ஒரு வாய் சொல்லியிருக்கலாம். ஆனால் வீடியோக்காரர்கள் ஒன்றை நாற்பது தடவை பார்க்கச் சொல்ல மாட்டார்கள். அடுத்தது, அடுத்தது என்பதுதான் அவர்கள் பிழைப்பு. சபையின் வாட்சப் குழுவாக இருக்குமோ? காலை ஐந்து மணிக்கு ஒரு வசனம், அதன் கீழே எண்பது ஆமென். அந்தக் குழுவுக்கு அடிமையானவர் என்று உலகத்தில் ஒருவரும் இல்லை. திறப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆசை எப்படி வரும்; விலகவும் முடியாது, பாஸ்டரின் மனைவிதான் அட்மின். அங்கே இப்படி ஒரு வாக்கியம் பிறக்காது, பிறந்தாலும் ஆமென் போட்டுக் கொன்றுவிடுவார்கள். உத்தியோகம் தேடுவோர் கூடும் அந்த இன்னொரு தளம்? அங்கே எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டு தங்களுக்குக் கிடைத்த பொறுப்பால் பணிவடைந்திருப்பார்கள். கல்யாண வரவேற்பில் மேடையேறி நின்று இறங்குவதுபோல மூன்று நிமிடத்துக்குமேல் மனுஷி நிற்க முடியாத இடம். பறவைக் குழுவாக இருக்கலாம். கூந்தன்குளம் பக்கத்து ஆட்கள் நடத்துவது. ஒருவர் படம் போட்டு இது என்ன பறவை என்பார், இன்னொருவர் நத்தைகுத்தி நாரை என்பார், முதலாமவர் நன்றி என்பார். முடிந்தது. யாரும் கைதட்டுவதில்லை, யாருக்கும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. கேள்வியோடு போனவர் பதிலோடு திரும்பிவிடலாம். கடலைப் பொட்டலத்துக்கு அடி இருப்பதுபோல அதற்கு ஓர் அடி இருக்கிறது. விரல் தாளில் இடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். அடியே இல்லாத பொட்டலத்தை எவன் கண்டுபிடித்தானோ, அவன் வீட்டில் பிள்ளைகளுக்குப் போன் தருவதில்லை என்று கேள்வி. அந்தச் சேதி மட்டும் எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு வீடியோவில் பார்த்ததுதான்.

இல்லை, யாரோ சொன்னார்கள். குரலில் கேட்டதாகவும் தோன்றியது. புஷ்பம் சொல்லியிருப்பாளோ? விடுதி நாட்களிலிருந்து சிநேகிதி. தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. பல்லைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் அப்படிப் பேசக்கூடிய வாய்தான். ஆனால் புஷ்பம் கடைசியாகச் சொன்னது வேறு. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவளுடைய அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கணவன் செல்வினின் போனை எடுத்துப் பியூலா வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்; சத்தத்தை அணைத்துத்தான், மரியாதை தெரிந்தவள் அல்லவா. ஏட்டி, ரிப்போர்ட் வந்துட்டு, என்றாள் புஷ்பம். ம், என்றாள் பியூலா. கட்டிதானாம். நல்லது, என்றாள் பியூலா. நல்லது. திரையில் ஒருத்தி நாற்பது முறை சுற்றும் பாவாடையை விரித்து ஆடிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் ஒரு மூச்சு கேட்டது. சரிட்டி, வைக்கேன், வேலை கிடக்கு. அவ்வளவுதான். சொல்லின் அர்த்தம் வந்து சேரப் பத்து நொடி ஆனது. பத்து நொடிக்குப் பிறகு கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தாள், ஆபரேஷன் தேதி சொன்னாள், சாதாரணமாகத்தான் பேசினாள். அந்தச் சாதாரணத்தை இன்றுவரை பியூலாவால் தாண்ட முடியவில்லை. காது கேட்டது, வாய் பதில் சொன்னது, நடுவில் ஆள் இல்லை. போனைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். மாறாக, அந்த நினைப்பு தாங்காமல் போனையே எடுத்தாள். குற்ற உணர்ச்சிக்கும் அதில் இருபது நொடி இடமுண்டு, பிறகு அடுத்தது.

பக்கத்தில் முப்பிடாதி சார் ஒரு தாளை மூடி இன்னொன்றைத் திறந்தார். சங்கரன்கோவில் பக்கத்து அரசுக் கல்லூரிக்காரர். முகாமுக்கு வந்த முதல் நாளிலிருந்து அதே மேசை. “என்ன மேடம், பதினோராம் பேப்பர்லயே தியானமா? நான் இருபத்திரெண்டு முடிச்சிட்டேன்.” “படிச்சா முடிச்சீங்க?” என்றாள் பியூலா. “படிக்க அதுல என்ன இருக்கு. ஏழு காரணம். ஆறாவத விட்ட பிள்ளைக்கு ஆறு. எது ஆறாவதுன்னு இப்ப எனக்கே மனப்பாடம். நான் பரிச்ச எழுதுனா பாஸ்.” அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “தலவலியா? டீ வரட்டும்.” “சார், நாப்பது தடவ பாத்தா சிரிப்பு போய்ப் பல் மட்டும் நிக்கும். இத எங்கயாவது கேட்டிருக்கீங்களா?” முப்பிடாதி பேனாவின் பின்புறத்தால் காதைக் குடைந்துகொண்டு யோசித்தார். “எங்க கல்யாண ஆல்பத்தப் பத்தி யாரும் சொல்லிருப்பாங்க. ஆனா நல்லாருக்கு மேடம். எழுதுன ஆளு அத நிசமாவே நாப்பது தடவ பாத்திருக்கணும்.” எழுதுன ஆளு. சொன்ன ஆள் என்றோ பேசிய ஆள் என்றோ அவர் சொல்லவில்லை. வெறும் வாய்வாக்கில் வந்த வார்த்தைதான். ஆனால் பியூலாவுக்குள் ஏதோ ஒன்று அதன் பக்கம் திரும்பியது. ஆமாம், அந்த வாக்கியத்துக்குக் குரல் இல்லை. அதற்கு எழுத்து இருந்தது. நீல நிற பால்பாயிண்ட். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, பயணத்தில் எழுதியதுபோல ஒரு சாய்வு. பக்கத்தின் மேல் வரி. மேலே துளையிட்டு வெள்ளை நூல் கோத்திருந்தது. அது திரை அல்ல. அது தாள். இன்று காலைத் தாள்.

இப்போது அது ஓடிவிடாதபடி மெதுவாக நினைக்க வேண்டியிருந்தது. காலைக் கட்டு. ஐந்தாறு தாள்கள் வரை படித்தாள், அது நிச்சயம். ஆறாவதில் ஒரு மாணவர் தளம் என்பதற்குப் பதில் தலம் என்று எழுதி அடிமைப்படுத்தும் திருத்தலங்களைப் பற்றி ஒரு பக்கம் போயிருந்தது நினைவிருக்கிறது. அதன் பிறகு? அதன் பிறகு கண் ஓரத்துக்குப் போய்விட்டது. ஓரத்தில் எண்கள் இருக்கின்றனவா, ஏழு வரை இறங்குகின்றனவா, கோடு இருக்கிறதா. இருந்தால் ஏழு. வலது கட்டைவிரல் தாளின் மூலையில், மேல்நோக்கி ஒரு தள்ளு, அடுத்தது. ஆறாவதற்கும் முப்பதாவதற்கும் நடுவே இருந்த இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த நாற்பது நிமிடத்தைப் போலவே கிடந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, ஊரும் பேரும் இல்லாமல். அந்தச் சாய்ந்த எழுத்தின் ஓரத்தில் எண்கள் இல்லை. எண் இல்லாவிட்டால் பதில் தெரியாமல் கதை அளக்கிறார்கள் என்று கைக்கு ஒரு தீர்மானம். மூன்று. மூன்று போட்டுவிட்டுத்தான் புரட்டியிருக்கிறாள். புரட்டும்போது அடுத்த பக்கத்தின் மேல் வரி கண்ணில் பட்டிருக்கிறது. பட்டது உள்ளே போய், நாலு மணி நேரம் அலைந்து, இப்போது வந்து கதவைத் தட்டுகிறது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, வராமலேயே இருந்திருக்கலாம். காலைக் கட்டில் தோற்றது ஒரே ஒரு தாள். எழுபத்தைந்துக்கு முப்பது வேண்டும். அதன் முகப்பில் இருபத்தாறு என்று எழுதி வட்டமிட்டாள். மற்ற எல்லாரும் ஏழு ஏழாக அள்ளிக்கொண்டு போன கட்டில் இருபத்தாறில் நின்ற தாள், அந்த மூன்று வாங்கிய தாள்தான். வேறாக இருக்க வழியில்லை.

காலைக் கட்டுகள் நான்கு மணிக்கு முத்திரையிடப்பட்டுக் கணினி அறைக்குப் போய்விடும். அதற்கு முன் கேட்டால் திரும்பக் கிடைக்கும். கேட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும், கடிதம் முகாம் அலுவலரின் கோப்பில் ஏறும், பெயர் மூன்று பருவங்களுக்கு மதிப்பீட்டாளர் பட்டியலில் இருந்து இறங்கவும் கூடும். இறங்கியவர்களைப் பற்றி ஊழியர் அறைகளில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், பேசியவர்களில் அவள்தான் முதல் ஆள். போன வருடம் நாகர்கோவில்காரர் ஒருவர் ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டதற்கு, கண் டாக்டரைப் பாருங்கள் சார், இல்லாவிட்டால் கடவுளைப் பாருங்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே டீயைக் கீழே வைத்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. ஒருவேளை மூன்று சரியாகவே இருக்கலாம். ஒரு நல்ல வாக்கியம் இருந்தால் போதுமா, மீதி வெறும் அளப்பாக இருந்தால்? அந்தத் தாளில் வேறு கேள்விகளும்தானே கெட்டிருக்கின்றன. மறுமதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது, விண்ணப்பித்துக்கொள்ளட்டும். விண்ணப்பிப்பது யார்? குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் விண்ணப்பிப்பார்கள். தன்னைப் படிக்கவே இல்லை என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? படிக்கப்படாதவர்களுக்கு அது தெரிவதே இல்லை. தான் எழுதியது சரியில்லை என்றுதான் தெரியும். நன்றாக எழுதினோம் என்று நினைத்துக்கொண்டு போன ஒரு பிள்ளை ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு இனிமேல் ஓரத்தில் எண் போட்டு எழுதக் கற்றுக்கொள்ளும். அதைத்தான் தன்னால் தாங்க முடியாது என்று பியூலாவுக்குத் தோன்றியது, தோன்றியும் எழவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று இருபத்திரண்டு. இன்னும் நேரம் இருக்கிறது என்று அவளுக்குள் ஒன்று சொன்னது, இன்னும் ஒன்றே ஒன்று பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று தினமும் சொல்கிற அதே இனிமையான குரலில். அந்தக் குரலை அடையாளம் கண்டதும்தான் எழுந்தாள்.

அரங்கின் கோடியில் சீஃபின் மேசை. தலைமை மதிப்பீட்டாளர் சங்கரவடிவு. திருநெல்வேலி டவுன்காரி, ஓய்வு பெற இரண்டு வருடம், பச்சை மையில் கையெழுத்துப் போடும் உரிமை உள்ள ஒரே ஆள். முன்னால் காலைக் கட்டுகள் அடுக்கியிருந்தன. “என்ன பியூலா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?” “இல்ல மேடம். காலைக் கட்டு திரும்ப வேணும்.” சங்கரவடிவு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “கூட்டல் தப்பா?” அங்கே ஒரு வாசல் திறந்திருந்தது, கூட்டல் தப்பு என்று சொன்னால் கடிதம்கூட வேண்டாம், கட்டை எடுத்துக் கொடுத்துவிடுவாள். “கூட்டல் சரிதான். ஒரு பதில நான் படிக்கல.” “பாக்காம விட்டுட்டீங்க.” “பாத்தேன். மார்க்கும் போட்டேன். படிக்கல.” அதற்கு என்ன பெயர் என்று சங்கரவடிவுக்குத் தெரியவில்லை. பிறகு அடுக்கிலிருந்து கட்டை உருவி, நூலை அவிழ்த்து, அவள் பக்கம் தள்ளினாள். “இங்கனயே உக்காந்து பாருங்க. வெளிய எடுத்துட்டுப் போகப்படாது.”

இருபத்தாறு என்று வட்டமிட்ட தாள் மேலிருந்து பத்தொன்பதாவதாக இருந்தது. பியூலா பதினேழாம் கேள்வியை எடுத்தாள். சாய்ந்த நீல எழுத்து. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு போன், என்று தொடங்கியது. அம்மா, அக்கா, நான், தங்கை நான்கு பேரும் பீடி சுற்றுவோம். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நடுவில் வைப்போம். மடியில் தட்டும் கையில் இலையும் தூளும் இருப்பதால் போனைத் தொட முடியாது. தொட்டால்தான் அடுத்த வீடியோ வரும். தொடாவிட்டால் அதே வீடியோ திரும்பத் திரும்ப ஓடும். இருபத்தைந்து பீடி சுற்றுவதற்குள் நாற்பது தடவை ஓடிவிடும். முதல் தடவை எல்லாரும் சிரிப்போம். பத்தாவது தடவை வீடியோவில் ஆடுகிற அக்காவுக்குப் பின்னால் சுவரில் விரிசல் தெரியும். இருபதாவது தடவை அவர் கண் கேமராவுக்குப் பக்கத்தில் வேறு யாரையோ பார்த்துப் பயப்படுவது தெரியும். இங்கே பக்கம் முடிந்தது. பியூலா புரட்டினாள். நாற்பது தடவை பார்த்தால் சிரிப்பு போய்ப் பல் மட்டும் நிற்கும். அதனால் அந்தத் தளம் எங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை. பேசுகிற குரல் மட்டும் வரும் தளங்கள் எங்களைப் பிடித்துக்கொண்டன, காது சும்மா இருப்பதால். ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்கும், அன்றைக்கு மட்டும் போனுக்குச் சண்டை வரும், அன்றைக்கு நானும் தள்ளிக்கொண்டே இருப்பேன், தலை வலிக்கும். ஆகவே ஒரு தளம் ஒருவரைக் குறைவாக அடிமைப்படுத்துகிறது என்றால் அந்தத் தளம் நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. அந்த ஆளின் கை ஏற்கெனவே வேறு யாரிடமோ மாட்டியிருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். இத்துடன் முடிந்திருந்தது. கீழே அவளுடைய சிவப்பு மூன்று, வேகத்தில் போட்டதால் வால் நீண்டு இழுபட்டிருந்தது.

பியூலா தாளைத் திருப்பி சங்கரவடிவின் முன் வைத்தாள். சங்கரவடிவு நிதானமாகப் படித்தாள். படிக்கிறாள் என்பது உதடு அசைவதில் தெரிந்தது. ஒருவர் படிப்பதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பியூலா நினைத்தாள். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள் சங்கரவடிவு. “ஆனா விடைக்குறிப்புல ஏழு காரணம் குடுத்திருக்கு. இது அதுல எங்க வருது?” “விடைக்குறிப்புல இல்ல மேடம். கேள்வில இருக்கு. ஆராய்கன்னுதான் கேட்டிருக்கோம், பட்டியல் போடச் சொல்லல. காலைலயும் மத்தியானமும் நான் பாத்த நாப்பத்தொரு பேருல ஆராஞ்சது இந்த ஒரு பிள்ளைதான்.” “நாப்பத்தொண்ணையும் படிச்சீங்களா?” கேள்வியில் குத்தல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதனால்தான் தைத்தது. சங்கரவடிவு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். “எவ்வளவு போடப்போறீங்க?” “எட்டு.” “ஒம்பது போட மாட்டீங்களோ?” “முடிவுரையில அவசரப்பட்டிருக்கு. எட்டு.” சங்கரவடிவின் வாயோரம் ஏதோ அசைந்தது. மூன்றை அடித்து எட்டு, இருபத்தாறை அடித்து முப்பத்தொன்று, இரண்டு இடத்திலும் பச்சைக் கையெழுத்து விழுந்தது. எங்கோ மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் ஒரு பருவத்தை இழக்காமல் தப்பினாள். அவளுக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

“கடிதம் எழுதணும்,” என்று வெள்ளைத்தாளை நீட்டினாள் சங்கரவடிவு. “கவனக்குறைவால்னு ஒரு வரி எழுதுங்க, போதும். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவாங்க. அந்த வார்த்தைக்குப் பெரிசா நடவடிக்கை கெடையாது.” பியூலா பேனாவை எடுத்தாள். கவனக்குறைவு. கவனம் கொஞ்சம் குறைந்திருந்தது, மீதி இருந்தது என்று அதற்குப் பொருள். இந்தச் சொல் பொய். பதினேழாம் கேள்விக்கான விடையைப் படிக்காமல் மதிப்பெண் இட்டேன், என்று எழுதினாள். எழுதியதும் அது ஒருமையில் நிற்பது உறுத்தியது. ஒரு விடையை. ஒன்று அகப்பட்டது, ஏனென்றால் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த வாக்கியத்துக்குக் கதவைத் தட்டும் பலம் இருந்தது. தட்டத் தெரியாத விடைகளை என்ன செய்வது? எண்களுக்கு நடுவே, கோடுகளுக்குக் கீழே, மனப்பாடத்தின் அடியில், ஏதேனும் ஒரு பிள்ளை ஒரே ஒரு வரி தன்னுடையதாக எழுதியிருந்தால்? எழுதாமலே இருந்தாலும்தான் என்ன, நன்றாக எழுதுகிறவர்களை மட்டும் படிப்பதற்கு அவள் யார், அதைத்தானே போனுக்குள் வீடியோ பொறுக்கித் தரும் அந்த எந்திரமும் செய்கிறது. புஷ்பம் கட்டிதானாம் என்று ஒரே சொல்லில் சாதாரணமாகத்தானே சொன்னாள். பியூலா விடையை என்பதை அடித்து விடைகளை என்று திருத்தினாள். “மேடம், மீதி இருபத்தொம்பதையும் பாக்கணும்.” சங்கரவடிவு கடிதத்தை வாங்கிப் பார்த்தாள், திருத்தத்தின் மேல் கண் நின்றது. “இத அனுப்புனா மூணு பருவம் கூப்பிட மாட்டாங்க. தெரியும்லா?” “தெரியும்.” “மதியக் கட்டு?” “பத்து முடிச்சிருக்கேன். அதையும் திரும்பப் பாக்கணும். நாளைக்கு வாறேன்.” சங்கரவடிவு கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தாள், கிழித்துப் போடவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. எழுந்து தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, மேசையில் அவளுக்கு இடம் ஒதுக்கினாள். “கம்ப்யூட்டர் ரூம்ல சொல்லிக்கிடுதேன். ஆறு மணி வரைக்கும் வச்சுக்கிடுங்க.”

நான்கு மணிக்கு முத்திரை வைக்கிறவர் வந்து மற்றக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முப்பிடாதி சார் போகும்போது தூரத்திலிருந்து என்ன என்று புருவத்தால் கேட்டார், அவள் கையால் ஒன்றுமில்லை என்றாள், அவர் நம்பவில்லை, ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போனார். பியூலா முதல் தாளைத் திறந்தாள். ஏழு காரணங்கள், எண்கள், கோடுகள். முதலாவது காரணத்தைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதில் கண் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. திரும்ப முதலாவதற்குப் போனாள். இந்த முறை ஐந்தாவது வரை தாக்குப்பிடித்தாள், அங்கே நாளைக்கு என்ன சமையல் என்பது வந்தது, மறுபடியும் முதலிலிருந்து. வெட்கமாக இருந்தது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல. மூன்றாம் முறை ஏழும் முடிந்தன. ஒன்றும் இல்லை. ஒளிந்திருந்த வரி எதுவும் இல்லை, யாருடைய வீடும் இல்லை, கடைசி வரை வழிகாட்டி நூல்தான். பாவம், முழுதாக நம்பி மனப்பாடம் செய்திருக்கிறது பிள்ளை, ஒரு சொல் பிசகவில்லை. காலையில் அவள் கை போட்டிருந்த ஏழைப் பார்த்தாள். கூட்ட ஒன்றும் இல்லை, குறைக்கவும் ஒன்றும் இல்லை. ஏழுதான். ஆனால் காலையில் அது விழுந்த ஏழு. இப்போதுதான் அதை அவள் போட்டாள். பக்கத்தில் சிறிதாகத் தன் இன்ஷியலை எழுதி, தாளை மூடிவிட்டு, இரண்டாவதை எடுத்தாள்.